கோப்பையை மட்டும் எண்ணாதீர்கள்

பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு பயிற்றுநரை எதை வைத்து எடைபோடுவது என்று யார் கேட்டாலும் பேட் சம்மிட்டைத்தான் சொல்வேன்.

1974இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். வீராங்கனைகளின் சீருடைகளை அவரே துவைத்தார்; வெளியூர் ஆட்டங்களுக்கு வேனையும் அவரே ஓட்டினார். 1976 ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வென்றவர், 1984இல் பயிற்றுநராக நின்று தன் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். டென்னசியில் 38 பருவங்கள், 1,098 வெற்றிகள், 8 தேசியக் கோப்பைகள்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் வகுப்பறைக்குப் போட்ட சட்டம்தான். அவருடைய பெண்கள் முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்கார வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் சரி. அவரிடம் கல்லூரிக் காலம் முழுவதும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டதாரிகள். அல்சைமர் நோய் இருப்பது 2011இல் தெரிந்த பிறகும் இன்னொரு பருவம் அணியோடு நின்றார். 2016இல் 64 வயதில் மறைந்தார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரே, அங்கே அடுக்கியிருக்கும் கோப்பைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முன்பு ஆடிய பெண்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்.