மம்தானி மெச்சும் மேயர்: லகுவார்டியாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மேயர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிங்கப்பூரில் பலருக்கு சிடிசி பற்றுச்சீட்டுதான்.

நியூயார்க்கில் மேயர் வேறு ரகம். காவல்துறை, பள்ளிகள், பூங்கா, குப்பை அள்ளுவது என்று எல்லாம் அவர் தலையில். 2026 ஜனவரி 1ஆம் தேதி அந்தப் பொறுப்பை ஏற்ற ஸோரான் மம்தானிக்கு வயது 34. வாடகை ஏறாது, பேருந்து இலவசம், குழந்தைப் பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை என்று சொல்லி ஜெயித்தவர்.

"இதெல்லாம் நடக்குற காரியமா?" என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரு பழைய பெயரும் கூடவே வரும். ஃபியொரெல்லோ லகுவார்டியா. மம்தானியே புகழ்ந்து பேசும் மேயர். நியூயார்க் போனவர்களுக்கு அது விமான நிலையத்தின் பெயர்.

யார் இவர்?

அப்பா இத்தாலியர், அமெரிக்க ராணுவத்தில் பேண்டு வாத்தியக் குழுத் தலைவர். அம்மா யூதர். 1882இல் நியூயார்க்கில் பிறந்த லகுவார்டியா, அரிசோனா ராணுவ முகாம்களில் வளர்ந்தார். பல மொழி பேசுவார். எல்லிஸ் தீவில், கப்பலில் வந்து இறங்கும் குடியேறிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. இரவில் சட்டப் படிப்பு. பிறகு நாடாளுமன்றம். உயரம் 5 அடி 2 அங்குலம். குரல் மட்டும் பெரிசு.

1929இல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். ஜெயித்த ஜிம்மி வாக்கர், ஊழல் விசாரணைக்கு நடுவே 1932இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் லகுவார்டியா வென்றார். 1934 ஜனவரி 1ஆம் தேதி பொறுப்பேற்று, 12 ஆண்டுகள் இருந்தார்.

அவர் கைக்கு வந்த நகரம் எப்படி இருந்தது?

ஏறக்குறைய 70 லட்சம் மக்கள். பொருளியல் மந்தம். வேலை செய்யக்கூடியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. நகரின் கஜானா காலி. வசூலாகும் சொத்து வரியை முதலில் கடனுக்கு ஒதுக்க வேண்டும் என்று வங்கிகள் ஒப்பந்தமே போட்டுவைத்திருந்தன.

அந்த நிலையிலிருந்து பாலம், நீச்சல் குளம், பொது வீடமைப்பு, விமான நிலையம் எல்லாம் வந்தன. 1936 கோடைக்காலத்தில் மட்டும் 11 பெரிய பொது நீச்சல் குளங்கள் திறந்தன.

எப்படி? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பணம் நகரத்துடையது அல்ல, வாஷிங்டனுடையது. அதிபர் ரூசவெல்ட் வேலையில்லாதவர்களுக்காகத் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில், 1935, 1936 ஆண்டுகளில் நாடு முழுதும் செலவான தொகையில் ஏழில் ஒரு பங்கு நியூயார்க் நகருக்கே போனது. மக்கள்தொகையில் அந்த நகரின் பங்கு பதினேழில் ஒன்றுகூடக் கிடையாது!

இத்தனைக்கும் லகுவார்டியா குடியரசுக் கட்சிக்காரர், ரூசவெல்ட் ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனால் ஊழலுக்குப் பேர்போன உள்ளூர் ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹால், ரூசவெல்ட்டுக்கும் தலைவலி. அதோடு லகுவார்டியா வெறுங்கையோடு போகவில்லை. பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் வரைபடங்களைத் தயாராக வைத்திருந்தார். மற்ற நகரங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் "நாளைக்கே தோண்ட ஆரம்பிக்கலாம்" என்ற நிலையில் இருந்தார்கள்.

அந்தப் பணத்துக்கு விலையும் இருந்தது. கூட்டரசுக் கடன் வேண்டுமா, முதலில் உன் வரவு செலவைச் சரி செய் என்றது வாஷிங்டன். தொழிலாளர் நண்பர் என்று பெயர் வாங்கியிருந்தவர், மேயரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று நகர ஊழியர்களின் சம்பளத்தைக் குறைக்க அதிகாரம் கேட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. 1932இல் நாடாளுமன்றத்தில் விற்பனை வரியை எதிர்த்து முன்னணியில் நின்றவர், 1934 முடிவதற்குள் தம் நகரத்திலேயே 2 விழுக்காடு விற்பனை வரி போட்டார். ஏழைகளுக்கு நிவாரணம் கொடுக்க, ஏழைகளும் கட்டும் வரி. என் கணிப்பில், அவர் வாழ்க்கைக் கதையில் இதுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். 1945இல் பத்திரிகை விநியோக வேலைநிறுத்தத்தின்போது அவர் பிள்ளைகளுக்காக வானொலியில் படக்கதை வாசித்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

தள்ளுவண்டிக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றி, கூரை போட்ட சந்தைகளுக்குள் அனுப்பியதும் அவரே. நம்ம உணவங்காடி நிலையக் கதை ஞாபகம் வருகிறதா? அங்கே உள்ளே இடம் கிடைக்காதவர்கள் நிறைய பேர்.

ஹார்லெமில் 1935 மார்ச்சில் கலவரம் வெடித்தபோது விசாரணைக் குழு அமைத்தார். கறுப்பின மக்களை வேலையிலும் வீட்டிலும் போலிசும் எப்படி நடத்துகிறார்கள் என்று குழு கடுமையாக எழுதியது. அறிக்கையை அவர் வெளியிடவில்லை. மறு ஆண்டு ஒரு கறுப்பினப் பத்திரிகைதான் அதை அச்சிட்டது.

சரி, மம்தானி விஷயத்துக்கு வருவோம்.

லகுவார்டியா காலத்தில் சுரங்க ரயில் கட்டணம் 5 காசு. 1940இல் தனியார் ரயில் பாதைகளையும் வாங்கி நகரத்தின் கீழ் கொண்டுவந்தார், கட்டணம் ஏறவில்லை. இன்று பேருந்தும் ரயிலும் மாநில அரசின் கீழுள்ள அமைப்பின் கையில். மம்தானி தனியாக இலவசம் என்று அறிவிக்க முடியாது. செல்வந்தர்கள்மீது வருமான வரி கூட்ட வேண்டுமா? அதற்கும் மாநிலத் தலைநகர் ஆல்பனி சம்மதிக்க வேண்டும்.

வாஷிங்டன் நிலவரமோ நேர் எதிர். மம்தானி ஜெயித்தால் நியூயார்க்குக்குக் கட்டாயமான நிதியைத் தவிர வேறு கொடுக்கப்போவதில்லை என்று தேர்தலுக்கு முன்பே சொன்னவர் அதிபர் டிரம்ப். நவம்பரில் வெள்ளை மாளிகையில் இருவரும் சிரித்துப் பேசியது உண்மைதான். சிரிப்பு வேறு, காசோலை வேறு.

வாடகையில் மட்டும் அவருக்குப் பிடி இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வது ஒரு 9 பேர் வாரியம். அந்த 9 பேரையும் நியமிப்பவர் மேயர். வாரியம் வழக்கமாக ஜூன் வாக்கில் இறுதி வாக்கெடுப்பு நடத்தும். அவருடைய வாக்குறுதிகளில் முதலில் சோதிக்கப்படப்போவது அதுதான்.