அழகுச் சைக்கிளும் பிறேக்கும்

உம்மாமாரே, வாப்பாவின் பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டி, பெயின்ற் அடித்து, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வாசல்வரை ஓடிக் காட்ட உங்கள் மகனுக்கும் ஆசை இருக்கும். செய்யட்டும், நல்ல கைவேலைதான். ஆனால், மிதிக்காமலே ஓடவிடும் பிறீவீலை எடுத்துவிட்டு, பின்சில்லோடு இறுகிய பற்சக்கரம் பூட்டினானா என்று கேளுங்கள். பூட்டினால் சில்லு சுற்றும்வரை மிதியும் சுற்றும், செயினும் ஓடும். கரியரில் இருக்கும் தங்கையின் பாவாடை சிக்கினாலும் உடனே நிற்காது. எண்ணெய் போடும்போது சில்லு சுழன்றால் விரலே போய்விடும். ஒலிம்பிக் வட்டப்பாதையில் ஓடுவதும் இந்த வகைதான். அதற்குப் பிறேக்கே கிடையாது. அங்கே எதிரே பஸ் வராது, மாடும் வராது. திருகோணமலை வீதியில் இரண்டும் வரும். முன் பிறேக்கையும் செயின் கவரையும் கழற்ற விடாதீர்கள். அழகு குறையுமாம்! குறையட்டும்.