குதிரையேற முன் ஒரு கணக்கு

போன லீவில் கூட்டாளிமார் நாலு பேர் நுவரெலியா போனோம். கிரகறி வாவிக்கரை. ஆளுநர் வில்லியம் கிரகறி காலத்தில், 1873இல் உருவான வாவி. கரையில் குதிரைகள் நின்றன. ஏறினோம். பயமே இல்லாத சவாரி. குதிரைக்காரத் தம்பி கடிவாளத்தைப் பிடித்து மெதுவாக நடந்தார். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பனிமூட்டம் இறங்கிய மலை. ராஜா மாதிரித்தான் இருந்தது.

இறங்கின பிறகுதான் குதிரையைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம். சேணத்தின் ஓரத்தில் புண்.

நான் 82 கிலோ. சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கக் கூடாது என்பது குதிரை வளர்ப்போர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான். வகுப்பில் சதவீதம் படிப்பிக்கிற எனக்கு ஏற முன் இந்தக் கணக்கு ஞாபகம் வரவில்லை.

சவாரியை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தம்பியின் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. வருமானம் நின்றால் முதலில் பட்டினி கிடப்பதும் குதிரைதான். ஆனால் தெரிவு நம் கையில். தேறிய, புண்ணில்லாத குதிரையாகப் பார்த்து ஏறுவோம். இல்லையென்றால் காரணத்தைத் தன்மையாகச் சொல்லிவிட்டு வருவோம். சின்னக் குதிரையில் பிள்ளைகள் மட்டும். பெரியவர்கள் பக்கத்தில் நடப்போம்.

சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களே, பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். வாயில்லா ஜீவன் முறைப்பாடு எழுதாது. அதன் முதுகும் நமக்கு அமானிதம்தான்.