சட்டம் பயில்வான் தமிழ் பயில்க!

தன் வழக்கில் என்ன பேசப்படுகின்றது என்று விளங்காமல் மன்றத்தில் நிற்கும் உழவனுக்கு வெற்றியும் தோல்வியும் ஒன்றே. இரண்டையும் பிறர் சொல்லித்தான் அவன் அறிந்துகொள்கின்றான். வழக்கு அவனுடையது, நிலம் அவனுடையது, மொழி மட்டும் அவனுடையதன்று!

கிருட்டிணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியில், கருநாடக எல்லையை ஒட்டியுள்ள நாட்றாம்பாளையத்தை எண்ணிப் பார்க்க. காட்டெல்லைப் பிணக்கு, நிலவுரிமை, யானை அழித்த கேழ்வரகுக்கு இழப்பீடு, ஓசூர்த் தொழிற்சாலையில் மறுக்கப்பட்ட கூலி ஆகியவையே அத்தகைய ஊர்மக்களை வழக்குமன்றத்திற்கு இழுத்து வருவன. இவர்க்காக வாதிட இம்மண்ணின் பிள்ளையே வழக்கறிஞனாதல் வேண்டும். அதற்கு அவன் இளங்கலை பயிலும் மூன்றாண்டுகளிலேயே அணியமாதல் வேண்டும்.

அணியமாதல் என்றவுடன் அவனுக்குக் காட்டப்படும் வழி ஆங்கிலம் ஒன்றே. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 25 கல் தொலைவிலுள்ள பெங்களூரில், 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி, பட்டம் பெற்றோர்க்கு மூவாண்டுச் சட்டப்படிப்பு நடத்துகின்றது. அதன் நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் பிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கென எழுதும் பொதுத்தேர்வும் ஆங்கிலத்திலேயே. இவற்றுக்குப் பயிற்சி விற்போர் பலர். பொருளுள்ளவன் வாங்குகின்றான், இல்லாதவன், சட்டமே தனக்குரியதன்று என ஒதுங்கிவிடுகின்றான். இவ்வொதுக்கமே பெருங்கேடு.

உண்மை வேறு. தமிழக அரசின் சட்டக் கல்லூரிகளில் மூவாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண்ணே அளவுகோல். அண்டை மாவட்டமாகிய தருமபுரியிலேயே 2017 முதல் அரசுச் சட்டக் கல்லூரி இயங்குகின்றது. ஆகலின், வரலாறாயினும் வணிகவியலாயினும், எடுத்த பாடத்தைப் பழுதறக் கற்பதே முதல் முன்பயிற்சி.

இரண்டாம் பயிற்சி தமிழ். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976-இல் திருத்தப்பெற்று, உயர்முறைமன்றத்திற்குக் கீழுள்ள மன்றங்களில் சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமைய வழிசெய்தது. உரிமையியல் நடுவர் பதவிக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் மொழிபெயர்ப்புக்கே 100 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் உண்டு. தமிழைக் கைவிட்டவன் அங்கே இடறி வீழ்வான்.

தமிழில் சட்டம் எழுத இயலுமோ என ஐயுறுவார்க்கு வேதநாயகம் பிள்ளையே விடை. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய அவர், 1805 முதல் 1861 வரையான மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என நூலாக்கினார். பெயர் வடமொழியாயினும் பணி தமிழ்ப்பணி. தனியொருவர் அன்று செய்ததை இன்று ஒரு தலைமுறை செய்ய இயலாதா?

வழி எளிது. வீட்டிலுள்ள நில ஆவணத்தை எடுத்து, அதன் பொருளைத் தாய்க்கு விளங்குமாறு ஒரு பக்கத்தில் எழுதுக. ஊரில் எழும் பிணக்கொன்றைக் கேட்டு, நிகழ்ந்தது எது, பிறர் கருதுவது எது எனப் பிரித்து வரைக. கல்லூரி விடுமுறையில் தேன்கனிக்கோட்டை வழக்குமன்றத்தில் அமர்ந்து குறுக்குக் கேள்விகளைக் கூர்ந்து கேட்க. மன்றத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்ததே. அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கத்தையும் ஆங்கில மூலத்தையும் அருகருகே வைத்துப் படிக்க. ஆங்கிலம் வேண்டாவென்று எவரும் சொல்லவில்லை. அது கருவியாக இருக்கட்டும், தலைவனாக வேண்டா.

உயர்முறைமன்றத்தின் நிலையையும் அவன் அறிதல் வேண்டும். அரசமைப்பின் 348-ஆம் பிரிவு அங்கு ஆங்கிலத்தை அமர்த்திய போதும், குடியரசுத் தலைவர் இசைவுடன் மாநில மொழிக்கும் இடந்தருகின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்மன்றங்களில் இந்திக்கு இடங்கிடைத்தது. 2006-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் தமிழுக்கு அவ்வாயில் திறக்கவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டங்கள் மூன்றும் வடசொற்பெயர் தாங்கியே வந்தன. இந்திக்கு இசைந்த சட்டம் தமிழுக்கு மட்டும் இசையாதோ?

அவ்வாயில் திறக்கும் நாளில், உள்ளே சென்று பிழையற்ற தமிழில் வழக்குரை வரைய வல்லார் ஆயிரவர் வேண்டும். அவர் இல்லையெனில், பெற்ற உரிமையும் வெற்றுத்தாளாய்ப் போகும். நாட்றாம்பாளையத்து மாணவனே, அவ்வாயிரவருள் ஒருவனாகுக! இன்றே தொடங்குக!