இடாப்புக்கு எந்த நீலம்?

பாடசாலைக் காரியாலயத்துக்கு மை வாங்கச் செல்வோர் போத்தலின் விலையையும் மையின் நிறத்தையுமே பெரும்பாலும் நோக்குகின்றனர். நிறம் கண்ணுக்கு இனியதாயின் அது நல்ல மை. விலையும் சகாயமாயின் மிக நல்ல மை. இவ்வழக்கத்தால் வரும் கேட்டினைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க இவ்விழா மலரே ஏற்ற இடமென நினைக்கின்றோம். விழாக் காலத்தில் எல்லோமும் கல்லூரியின் பழைமையைப் புகழ்கின்றோம். அப்பழைமைக்குச் சான்று காரியாலய அலுமாரியிலே உள்ளது. சேர்வு இடாப்புகளிலும், சம்பவத் திரட்டுப் புத்தகங்களிலும், சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பிகளிலும் உள்ளது. அவையெல்லாம் மையால் எழுதப்பட்டவை. மை மறைந்தால் மிஞ்சுவது கோடிட்ட தாள்.

நீலமை என ஒரே பெயரால் விற்கப்படுவனவற்றுள் இயல்பால் வேறுபட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பரந்து வழங்குவது கழுவத்தக்க நீலம். 'றோயல் புளூ' என்று போத்தலில் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுவே. அமெரிக்காவின் ஷேபர் நிறுவனத்தார் 1922 இல் வெளியிட்ட 'ஸ்கிறிப்', பார்க்கர் நிறுவனத்தார் 1931 இல் வெளியிட்ட 'குயிங்க்' ஆகிய பெயர்களை நம் முன்னோரும் அறிவர். அவ்விரு வரிசையிலும் கழுவத்தக்க நீலமும் இருந்தது. நிலையான நீலமும் இருந்தது. ஜேர்மனியின் பெலிக்கன் நிறுவனத்தாரது 'றோயல் புளூ' கழுவத்தக்க இனத்ததே. நீரிற் கரைந்த செயற்கைச் சாயம், பூஞ்சணம் பிடியாதிருக்க ஒரு மருந்து, பேனையின் நாக்கில் மை சீராக இறங்குதற்கு உதவும் பொருள் சிறிது. இவ்வளவே அதன் கூட்டு. அது பேனைக்குத் தீங்கு செய்யாது. சட்டையிற் பட்டாற் சலவையில் நீங்கிவிடும். முள்ளில் காய்ந்து அடைத்துக்கொண்டாலும் வெறும் நீர் போதும். சிறுவர்க்கு வேண்டிய குணங்கள் இவையே. ஜேர்மனியில் எழுதப் பழகும் பிள்ளைகள் இந்த நீலத்தையே கையாளுகின்றனர். பிழைத்த சொல்லை நீக்க அங்கே ஒரு தனிப் பேனையும் விற்பனையில் உண்டு. அதனுள் இருக்கும் சல்பைற்று உப்பு சாயத்தின் மூலக்கூற்றோடு சேர்ந்து அதன் நிறத்தைக் கெடுத்துவிடும். நீலம் மறையும், தாள் வெள்ளையாகத் தோன்றும்.

பிள்ளையின் கொப்பியில் இது வசதி. சேர்வு இடாப்பிலோ இஃது எத்தகைய ஆபத்து! தந்தை பெயரையும் பிறந்த திகதியையும் எவனாவது ஒருவன் இரண்டு நிமிடத்தில் நீக்கி வேறு எழுதிவிடலாம். வஞ்சகன் ஒருவனும் இல்லையென்றே கொள்வோம். கூரை ஒழுக்கு இருக்கின்றது, யன்னல் வழியே விழும் வெயில் இருக்கின்றது. இச்சாயம் வெயிலில் வெளுக்கும். நீர் பட்டாற் கரைந்து ஓடும். போரினாற் பிறப்புப் பதிவுகள் பல அழிந்துபோன நம் நாட்டில், வயதை நிறுவ வேறு பத்திரம் இல்லாதவர்க்குப் பாடசாலை இடாப்பின் பிரதியே கைகொடுக்கின்றது. அடையாள அட்டைக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் அதனைத் தேடி வருவோர் உளர். அவ்வாறு வருபவர்க்கு நீலக் கறையொன்றைக் காட்டி, "இங்கேதான் உங்கள் பெயர் இருந்தது" என்று சொல்வது எந்தக் கல்லூரிக்கும் பெருமை தராது.

இடாப்புக்கு உரிய மை வேறு. அதன் மூலப்பொருள்கள் நம்மவர்க்கு அந்நியமானவை அல்ல. மாசிக்காயும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கின்றன. மாசிக்காயிலுள்ள துவர்ப்புச் சத்து அன்னபேதியிலுள்ள இரும்போடு நீரிற் சேர்ந்திருக்கும்போது நிறம் மங்கலாகவே இருக்கும். தாளிற் படிந்து காற்றுப் பட்ட பின்னர் அது கறுக்கத் தொடங்கும். கறுத்தபின் நீரிற் கரையாத பொருளாகித் தாளின் நாரோடு பற்றி நிற்கும். கடுக்காய் ஊறிய நீரில் இரும்பு பட்டால் நீர் கறுப்பதும் இதே காரணத்தால்தான். எழுதும் வேளையில் எழுத்துக் கண்ணுக்குத் தெரியவேண்டுமே! அதற்காக மை செய்வோர் நீலச் சாயம் சிறிது கூட்டினர். எழுதும்போது நீலம், பின்னர்க் கருமை. 'நீலக்கருப்பு' என்னும் பெயர் இம்மாற்றத்தையே முதலிற் குறித்தது. இப்போதோ அது வெறும் நிறத்தின் பெயராகி விட்டது. இக்குழப்பத்தால் வரும் தீங்கைப் பின்னர்க் கூறுவோம்.

இலண்டனில் இத்தகைய நீலக்கருப்பு மையை 1832 இல் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஹென்றி ஸ்ரீவன்ஸ் என்னும் மருத்துவர். கவிஞர் கீற்ஸ் மருத்துவ மாணவராயிருந்த காலத்தில் அவரோடு ஒரே விடுதியிற் குடியிருந்தவர் இவர். ஒருவர் எழுதியது நின்றது; மற்றவர் எழுதுவோர்க்கெல்லாம் நிற்கும் மை கொடுத்தார். இங்கிலாந்தில் பிறப்பு, விவாகப் பதிவுகள் இவ்வின மையால் எழுதப்பட்டு வந்தமையாற் 'பதிவாளர் மை' என்னும் பெயரும் அதற்கு உண்டாயிற்று.

பழைய ஏடுகளை இம்மை அரித்துத் துளையிட்டது என்று அறிந்தோர் சிலர் ஆட்சேபிப்பர். அவர் கூறுவது மெய்யே. கைக்கு வந்த அளவில் அன்னபேதியை அள்ளிப் போட்டுக் காய்ச்சிய பழங்கால மைகளில் இரும்பும் அமிலமும் மிகுந்திருந்தன; அவை தாளை அரித்தன. ஊற்றுப்பேனைக்கென இக்காலத்திற் செய்யப்படுவனவற்றில் இரும்பின் அளவு மிகக் குறைவு. அன்றியும், வெளிறிப்போன இரும்பு மையெழுத்தைப் புறஊதா ஒளியிற் பிடித்தால் அது பெரும்பாலும் மீண்டும் படிக்கத்தக்கதாகும்.

தமிழர் எழுத்து வரலாற்றிலே நீரைப் பற்றிய அச்சம் இடையில் வந்த ஒன்றென்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து மழையிற் கரைவதில்லை. கீறலிற் பூசிய கரியும் பச்சிலைச் சாறும் போனாலும் கீறல் இருக்கும். மீண்டும் மை பூசிப் படிக்கலாம். ஓலைக்குப் பகை கறையானும் நெருப்புமே. தாளுக்கு மாறியபோது நீரையும் பகையாகச் சேர்த்துக்கொண்டோம். 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும், 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் தொடங்கிக் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்த வலிகாமத்து மக்களையும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் கடல்கோளையும் கண்ட நாட்டில், நனைந்தால் மறையும் மையாற் பத்திரம் எழுதுவது பொருந்துமா? வெய்யிலும் மழையும் அறியாத அலுமாரியை எந்தப் பாடசாலையும் பெற்றிருக்கவில்லை. நடந்து போனவர்கள் நகையோடு நகையாகக் கட்டிக்கொண்டு போனவை விடுகைப் பத்திரங்களும் பரீட்சைச் சான்றிதழ்களுமே. ஓலையில் எழுதிய சாதகத்தைக் கொண்டுபோனவர்க்கு மழையைப் பற்றிய கவலை ஒன்றாவது குறைந்திருக்கும்.

இனி, போத்தலைத் தெரிந்தெடுக்கும் முறை. நீலக்கருப்பு என்று சீட்டு ஒட்டியிருப்பதை நம்பற்க. இன்று அப்பெயரால் விற்கப்படுவனவற்றுட் பல வெறும் சாயமைகள்; அவற்றில் இரும்பின் சுவடும் இல்லை. ஒரு காலத்தில் இரும்பு சேர்த்துச் செய்தவர்களே பெயரை மாற்றாமற் கூட்டினை மாற்றிய கதையும் உண்டு. இன்றும் இரும்பு மையாகவே வருவனவற்றுள் ஜேர்மனியப் பெலிக்கன் 4001 நீலக்கருப்பு, அந்நாட்டு றோறர் கிளிங்னர் நிறுவனத்தாரின் 'சாலிக்ஸ்', யப்பானியப் பிளாற்றினம் நீலக்கருப்பு, இங்கிலாந்தின் டயமைன் 'பதிவாளர் மை' ஆகியவற்றைக் கூறலாம். நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் சோதனையே நமக்குத் துணை. வாங்கிய மையால் தாளொன்றில் இரண்டு வரி எழுதி வைக்க. மூன்று நாளில் நீலம் கருமையை நோக்கித் திரும்பினால் நன்று. பின்னர் அத்தாளைக் கோப்பை நீரில் ஒரு மணிநேரம் இட்டு எடுக்க. நீலம் சிறிது ஓடிப்போனாலும் கரிய எழுத்துத் தெளிவாக நின்றால் அது இடாப்புக்கு உரியது. வேறொரு தாளிற் பாதியைப் புத்தகத்தினுள் மறைத்து, மீதியை வெயில் விழும் யன்னலில் ஒரு மாதம் விட்டுப் பார்ப்பதும் பயனுடையது. நமது விஞ்ஞான வகுப்பினர் இதைச் செய்து காட்டுவாராயின் எங்கள் தமிழ் வகுப்பும் நன்றியுடையதாகும்.

மூன்றாம் இனம் ஒன்றுண்டு. கரையாத நுண்துகள்களை நீரில் மிதக்கவிட்டுச் செய்யும் நீலம் அது. பிளாற்றினம், செயிலர் என்னும் யப்பானிய நிறுவனங்கள் அதனை விற்கின்றன. நீருக்கும் வெயிலுக்கும் அது நன்கு தாங்கும். ஆயினும் மூடியைத் திறந்தபடி மறந்த பேனையினுள்ளே அது காய்ந்தால் எடுப்பது அரிது. மறதியுடையோர் அதனை அணுகாதிருத்தல் நலம். சித்திரக்காரர் கையாளும் இந்திய மையை ஊற்றுப்பேனையில் இடவே கூடாது; அதிலுள்ள அரக்கு பேனையை ஒரேயடியாக அடைத்துவிடும்.

குமிழ்முனைப் பேனை வந்துவிட்ட பின்னர் இவ்வாராய்ச்சி எதற்கு என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமானதே. குமிழ்முனைப் பேனையின் மை நெய்ப்பசையுடையது. நீரில் எளிதிற் கரையாது. பத்திரங்களுக்கெனச் செய்யப்படும் குமிழ்முனைப் பேனைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 12757 என்னும் சர்வதேச நியமத்தின் இரண்டாம் பகுதி இலக்கணம் வகுத்திருக்கின்றது. அக்குறியுள்ள பேனையால் இடாப்பு எழுதுவோரை நாம் தடுக்கமாட்டோம். ஆயின் கடையில் முதலிற் கைக்கு அகப்படும் பேனைகளில் அக்குறி இருப்பது அரிது. அவற்றின் நீலமும் வெளிச்சத்தில் வெளுப்பதுண்டு. மேலும் தமிழெழுத்தின் சுழிக்கும் வளைவுக்கும் அழுத்தாமல் ஓடும் முள் தரும் உருவத்தைக் குமிழ்முனை தருவதில்லை என்பது எம் எண்ணம். ணகரத்தை மூன்று சுழியும் குறையாமல் எழுதும் கைகள் குறைந்து வருகின்றன. இது தமிழாசிரியரின் வழக்கமான முறைப்பாடு என்று நகைப்போர் நகைக்கட்டும்.

கணினியிற் பதிந்தாயிற்றே என்பாரும் உளர். பதியட்டும். சேர்வு இடாப்பு பெரும்பாலான பாடசாலைகளில் இன்னும் கையாலேயே எழுதப்படுகின்றது. அதிபரின் கையொப்பமும் தாளிலேதான் விழுகின்றது.

இரும்பு மை பேனையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் மறுமொழி கூறவேண்டும். அது சற்று அமிலமுடையது. பொன்முள்ளை அது தொடாது. நல்ல கறையில் உருக்கு முள்ளும் தாங்கும். முலாம் பூசிய மலிவான முள்ளே கெடும். மாதம் ஒருமுறை கழுவினாற் போதும். கழுவும் நீரிலேதான் நம் குடாநாட்டார் கருத்தாயிருத்தல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவரும் நம் கிணற்று நீர் கேத்தலின் அடியில் விடும் வெண்படையைக் கண்டோர்க்கு அது பேனையின் நுண்துளையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மழைநீரை வடித்துக் கொள்க. இல்லையேல் வாகன மின்கலத்துக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரைக் கொள்க. அந்நீரை மையில் ஊற்றி மையைப் பெருக்கும் சிக்கனம் மட்டும் வேண்டாம். பேனையில் மிஞ்சிய மையைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றுவதும், ஒரு மையோடு இன்னொன்றைக் கலப்பதும் பூஞ்சணத்துக்கும் வண்டலுக்கும் வாயில் திறப்பன. போத்தலை இருளில் வைக்க. திறந்த திகதியை அதன் அடியில் எழுதி வைக்க.

ஆதலின் நாம் வேண்டுவது மிகச் சிறிது. மாணவர் அப்பியாசக் கொப்பிக்குக் கழுவத்தக்க நீலத்தையே வாங்குக. அதனிற் சிறந்தது அவர்க்கு இல்லை. வீட்டார் சீருடையை வெளுக்கும் பாட்டையும் நினைக்க வேண்டுமன்றோ! காரியாலயத்தில் இடாப்பு, சம்பவத் திரட்டு, விடுகைப் பத்திரம் ஆகிய மூன்றுக்கென ஒரு பேனையும் ஓர் இரும்பு மைப் போத்தலும் தனியே இருக்கட்டும். அப்பேனையில் வேறு மை புகாதிருக்கட்டும். கழுவத்தக்க நீலத்தால் ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்களை மேலும் வெளிறுமுன் படமெடுத்து வைப்பது பழைய மாணவர் சங்கத்தார் ஒரு விடுமுறையில் முடிக்கத்தக்க வேலை. பழைய எழுத்தின் மேல் புதிய மையால் எவரும் எழுதற்க. அது பத்திரத்தையே ஐயத்துக்குரியதாக்கும்.

இம்மைகள் உள்ளூர்க் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. விழாவுக்கு இலண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வரும் அன்பர்களுள் ஒருவர் ஆண்டுக்கு ஒரு போத்தல் கொணர்ந்தாற் போதும். பெலிக்கன் நீலக்கருப்பு ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படுவதில்லை. ஆகவே அங்குள்ளோர் 'சாலிக்ஸ்' அல்லது பிளாற்றினத்தைத் தேடுக. பெலிக்கன் போத்தலொன்றில் 62.5 மில்லிலீற்றர் மை இருக்கும். விமானத்திற் கைப்பையில் திரவம் கொண்டுவர வழக்கமாக விதிக்கப்படும் 100 மில்லிலீற்றர் எல்லைக்கு அது உட்பட்டதே. ஆயினும் மூடியை இறுக்கி இரண்டு பொலித்தீன் பையினுள் இட்டுக் கொணர்க.