மீன் செத்தால் கடையின் பெயரும் சாகும்

பெருநாள் முடிந்த கையோடு சிறுவர்களின் பெருநாள் காசில் ஒரு பகுதி வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போவதை நாம் காண்கிறோம். இரண்டு ஒராண்டா, ஒரு வட்டக் கண்ணாடிப் போத்தல், ஒரு பைக்கற் தீன். பத்து நாளைக்குள் மீன் மல்லாந்து மிதக்கும். பிள்ளை அழும். வாப்பா, "அந்தக் கடை மீன் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்வார். இந்த ஒரு வசனத்தால் கடைக்கு ஏற்படும் நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

உண்மையில் தங்கமீன் நோஞ்சான் மீன் அல்ல. முறையாக வளர்த்தால் பத்து வருடங்களுக்கு மேல் வாழும். உள்ளங்கை அளவுக்கு வளரும். அதைக் கொல்வது பெரும்பாலும் அதன் சொந்தக் கழிவுதான். மீனின் பூக்கள் வழியாக அமோனியா ஓயாமல் வெளியேறுகிறது. பில்டரில் குடியேறும் நல்ல பக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது ஓரளவுக்குத் தாங்கக்கூடியது. இந்தப் பக்டீரியாக்கள் புதிய தொட்டியொன்றில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும். போத்தலில் பில்டரும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை. பிறகு மீன் எப்படிப் பிழைக்கும்?

இரண்டு தங்கமீன்களுக்கு 100 லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். 3 அடி நீளமும் 15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 130 லீற்றர் கொள்ளும். அது போதும். இத்தாலியில் மொன்சா நகரம் 2004 இலும் ரோம் நகரம் 2005 இலும் வட்டப் போத்தலில் மீன் வைப்பதையே தடைசெய்தன. நமக்குச் சட்டம் தேவையில்லை, கடைக்காரர் வாய் திறந்தாலே போதும்.

துப்புரவில் கெட்டிக்கார வீடுகளில்தான் மீன் அதிகம் சாகிறது என்பது எனது அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுவார்கள். குழாய்நீரிலுள்ள குளோரின் அந்தப் பக்டீரியாக்களைக் கொன்றுவிடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். புதுத் தொட்டிக்கு முதல் வாரங்களில் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். ஊற்றும் புதுத் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சூடு. தங்கமீன் குளிர்நீர் மீன். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 28 பாகையில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே கொழும்பு, காத்தான்குடி, கல்முனை போன்ற ஊர்களில் இதற்கு அவசியமானது எயார் பம்ப், ஹீட்டர் அல்ல. கரையோரத்து வாடிக்கையாளருக்குத் தங்கமீனோடு ஹீட்டரையும் கட்டிக் கொடுப்பது வியாபாரத் திறமையல்ல, மோசடி.

தீன் விடயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: கொஞ்சமாக. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். உருண்டை உடம்புக்குள் குடலும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக் கிடப்பதால், கூடுதலாகத் தின்ற மீன் தலைகீழாக மிதக்கத் தொடங்கும். உருண்டைத் தீனை நனைத்துப் போடலாம். இடைக்கிடை தோல் நீக்கி அவித்த பட்டாணியும் நல்லது.

"இவ்வளவும் சொன்னால் வந்தவர் வாங்காமலே போய்விடுவார்" என்று சில முதலாளிமார் சொல்கிறார்கள். செலவழிக்க மனமில்லாதவருக்குப் பைட்டர் மீன் ஒன்றைக் கொடுங்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் சிறிய தொட்டியிலும் வாழும். "செத்தால்தானே திரும்ப வாங்குவார்" என்போரும் உண்டு. இரண்டு தடவை வாங்குவார். மூன்றாம் தடவை தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். மீன் விற்று வரும் இலாபம் ஒருமுறைதான். உயிரோடு இருக்கும் மீனுக்குத் தீன், மருந்து, பஞ்சு என்று வருடக் கணக்கில் அதே வாடிக்கையாளர் உங்கள் கடைக்கு வந்துகொண்டிருப்பார்.

மொத்த வியாபாரியிடமிருந்து வந்த மீனைப் பெட்டியிலிருந்து நேரே காட்சித் தொட்டிக்குள் விடுவதும் நிற்க வேண்டும். ஒரு மீனின் வெண்புள்ளி நோய் முழுத் தொட்டிக்கும் பரவும், அங்கிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கும் போகும். இரண்டு வாரம் வேறாக வைத்துப் பார்த்து விற்பதில் இடமும் முதலும் முடங்கத்தான் செய்யும். அதைச் செலவுக் கணக்கில் சேர்த்து விலையை நிர்ணயியுங்கள், கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

தொட்டியை விற்கும் அன்றே மீனையும் விற்காதீர்கள். முதலில் தொட்டியும் பில்டரும் போகட்டும். மீன் வாங்க வரும்போது உங்கள் கடையில் நோயில்லாத தொட்டியொன்றின் பழைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடு கட்டிக் கொடுங்கள். அதிலுள்ள பக்டீரியா புதுத் தொட்டியைச் சீக்கிரம் பழக்கப்படுத்தும். உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. கூடவே தமிழிலும் சிங்களத்திலும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றையும் பையில் வையுங்கள்.