ஜவ்வரிசிக்கு ஐந்து கட்டம் உண்டா?

ஆத்தூர்ப் பக்கம் சொல் விளையாட்டு ஆடினால் முதல் சண்டை ஜவ்வரிசியில்தான் வரும். ஊரைச் சுற்றி சேகோ ஆலைகள். ஆனாலும் ‘ஜ தமிழ் எழுத்தா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் போச்சு. 247 எழுத்துகளில் ஜ இல்லை, ‘சவ்வரிசி’ என்று வை என்பார்கள். எந்த மளிகைக் கடையில் அப்படிக் கேட்டு வாங்குகிறோம்? ஜ செல்லட்டும்.

கிழங்கிலும் இதே கதை. மரவள்ளி செல்லும், குச்சிக்கிழங்கு வட்டாரச் சொல், செல்லாது என்றால் தொல்காப்பியரே ஒத்துக்க மாட்டார். செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் திசைச்சொல்லையும் சேர்த்தவர் அவர்.

உண்மையான சிக்கல் வேறு. ஆங்கில ஸ்கிராபிளில் பட்டியலைப் பார்த்தால் முடிந்தது. அதில் இட்லிகூட இருக்கு. நம் அகராதியில் ‘வா’ இருக்கும். வந்தான், வந்தாளாம், வந்துட்டு எல்லாம் தனித்தனியாக இருக்காது. ஒரே வினைக்கு நூற்றுக்கணக்கில் வடிவங்கள். எனவே காலமும் திணை, பாலும் காட்டும் முற்று வரை சரி. அதன்மேல் ஏறும் ஒட்டுகள் வேண்டாம். ‘ஆம்’, ‘ஏ’, ‘உம்’ எல்லாவற்றையும் விட்டால் ஆட்டமே முடியாது.

வசைச்சொல்லில் மட்டும் தயவே கூடாது. 2020-இல் வட அமெரிக்க ஸ்கிராபிள் வீரர்கள் சங்கம் 200-க்கும் மேற்பட்ட இழிசொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அகராதியில் இருக்கிற சொல்லை எப்படித் தடுக்கலாம் என்று அப்போது எதிர்ப்பும் வந்தது. சாதி சொல்லித் திட்டும் சொற்கள் நம் அகராதிகளிலும் உண்டு. ஆய்வுக்கு அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடும்போது அதற்குப் புள்ளி எதுக்கு?

மற்றதையெல்லாம் காய் எடுக்கும் முன்பே பேசி முடிச்சுடுங்க. பாதி ஆட்டத்தில் பேசினால், தோற்கிறவர் பக்கம்தான் இலக்கணம் நிற்கும்.